மார்கரெட் சேஸ் ஸ்மித்: டீச்சரிடம் கேட்டவை

போன வாரம் நம் வாசிப்பு வட்டத்தில் மார்கரெட் சேஸ் ஸ்மித் அமெரிக்க செனட்டில் 1950 ஜூன் 1 அன்று பேசிய 'மனசாட்சிப் பிரகடனம்' உரையைப் படித்தோம். அதிலிருந்து கேள்விகள் வந்து குவிகின்றன. தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அவர் அமெரிக்காவின் முதல் பெண் செனட்டர் அல்ல.

கேள்வி (கரூர் வாசகி): கணவர் இறந்ததால் கிடைத்த பதவிதானே டீச்சர்? அதில் என்ன பெருமை?

முதல் படி அப்படித்தான். மெய்ன் மாநிலத்தில் ஸ்கௌஹீகன் என்ற சிற்றூர்; அப்பா முடிதிருத்துபவர். மார்கரெட் கல்லூரிப் பக்கம் போனதில்லை. டெலிபோன் ஆபரேட்டர், பள்ளி ஆசிரியை, உள்ளூர் வாரப் பத்திரிகையில் விற்பனைப் பொறுப்பு என்று பல வேலைகள் பார்த்தவர். கணவர் கிளைடு ஸ்மித் பிரதிநிதிகள் சபை உறுப்பினரானபோது அவருடைய அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டார். 1940இல் கணவர் இறந்ததும் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார்.

ஆனால் 1948இல் செனட்டுக்கு நின்றபோது அனுதாபம் எங்கேயிருந்து வரும்? அப்போது பதவியில் இருந்த கவர்னர் ஒருவர், முன்னாள் கவர்னர் ஒருவர், ஒரு பாதிரியார் என மூன்று பேரும் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றார்கள். மூவரும் வாங்கிய ஓட்டைக் கூட்டினாலும் இவருடைய ஓட்டு அதிகம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் இருந்த முதல் பெண் இவர். அந்த 'முதல்' சரி.

கேள்வி (சேலம்): செனட் என்பது நம் மாநிலங்களவை மாதிரியா?

இல்லை. 1913லிருந்து செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலத்துக்கு இரண்டு பேர், ஆறு வருடம்.

கேள்வி (நாகர்கோவில் வக்கீல்): 'மனசாட்சி' என்று பெரிய பெயர். ஆனால் முழு உரையிலும் மெக்கார்த்தியின் பெயரே இல்லை! இது துணிச்சலா, நழுவலா?

வக்கீல் தம்பி, கேட்டீர்களே, நல்ல கேள்வி. பின்னணி தெரியாதவர்களுக்காக: 1950 பிப்ரவரியில் வீலிங் என்ற ஊரில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி ஒரு காகிதத்தை ஆட்டிக்காட்டி, வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் நிறைந்திருக்கிறார்கள் என்றார். ஸ்மித்தும் கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர்தான், முதலில் நம்பவும் செய்தார். ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டும் ஒன்றும் வராததால்தான் எழுந்தார்.

அன்று செனட்டுக்குப் போகும் சிறு ரயிலில் இருவரும் சந்தித்தார்கள். "மார்கரெட், ரொம்ப சீரியஸாக இருக்கிறீர்களே, பேசப் போகிறீர்களா?" என்று மெக்கார்த்தி கேட்க, "ஆமாம், உங்களுக்குப் பிடிக்காது" என்றார் இவர். பிறகு அவர் தனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருக்க, பதினைந்து நிமிடம் பேசினார். யாரைப் பற்றி என்று அவையில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

பெயர் சொல்லாததற்கான காரணம் உரைக்குள்ளேயே இருக்கிறது. செனட்டின் 19ஆம் விதிப்படி ஒரு செனட்டர் சக செனட்டரின் நடத்தைக்கும் நோக்கத்துக்கும் களங்கம் கற்பிக்கக் கூடாது. மீறினால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். அதைத்தான் ஸ்மித் கையில் எடுத்தார்: அவைக்கு வெளியே இருக்கும் எந்தக் குடிமகனையும் நாம் இங்கே நின்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் நம்மீது வழக்குப் போட முடியாது, அதையே பக்கத்து இருக்கைக்காரரைச் சொன்னால் மட்டும் ஒழுங்கு மீறலா என்று கேட்டார். என்னைக் கேட்டால் உரையின் உயிர் இந்த இடம்தான். எல்லோரும் மேற்கோள் காட்டும் 'அச்சம், அறியாமை, மதவெறி, அவதூறு என்ற நான்கு குதிரைவீரர்கள்' எனக்கு இரண்டாம் பட்சம்.

இன்னொரு எச்சரிக்கை. மேற்கோள் படங்களை நம்பாதீர்கள். அதே உரையில் அப்போதைய ஜனாதிபதி ட்ரூமனின் அரசையும் நன்றாக விளாசியிருக்கிறார். அந்தப் பாதியை யாரும் படம் போட்டுப் பகிர்வதில்லை.

கேள்வி (திருச்சி): முதல் பெண் செனட்டர் என்பதால் எதிர்ப்பு அதிகமா?

முதல் பெண் ரெபெக்கா ஃபெல்டன், 1922இல், ஒரே ஒரு நாள். தேர்தலில் ஜெயித்த முதல் பெண் ஹாட்டி காரவே, 1932இல். மேலே சொன்னேனே.

கேள்வி (பெங்களூரிலிருந்து, ராணுவக் குடும்பம்): ராணுவப் பெண்களுக்காக ஏதாவது செய்தாரா?

நிறைய. பிரதிநிதிகள் சபையில் இருக்கும்போதே. போர் முடிந்ததும் பெண்களை ரிசர்வ் படையில் (தேவைப்படும்போது மட்டும் அழைக்கும் படை) வைத்தால் போதும் என்று, ராணுவப் பெண்களுக்கான மசோதாவைச் சபையின் குழு சுருக்கியது. ஸ்மித் விடவில்லை. ராணுவத்துக்குப் பெண்கள் நிரந்தரமாகத் தேவையா இல்லையா, தேவையென்றால் நிரந்தர அந்தஸ்து கொடுங்கள், வேண்டாமென்றால் ரிசர்விலும் வேண்டாம் என்பது அவர் வாதம். 1948 ஜூனில் நிரந்தர அந்தஸ்தோடு சட்டமானது. இவரே விமானப்படை ரிசர்வில் லெப்டினன்ட் கர்னல். 1957இல் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு அதே ரிசர்வில் ஜெனரல் பதவி கொடுக்க வந்தபோது, போதிய பயிற்சி எடுக்கவில்லை என்று தடுத்து நிறுத்தினார். நட்சத்திரமெல்லாம் திரையில்!

கேள்வி (நாகர்கோவில் வக்கீல், மறுபடியும்): விதி இருக்கட்டும். பேசி என்ன ஆனது? மெக்கார்த்தி இன்னும் நான்கு வருடம் ஆடினாரே.

ஆடினார்தான். உரையோடு கையெழுத்திட்ட ஆறு செனட்டர்களையும் சேர்த்து 'ஸ்னோ ஒயிட்டும் ஆறு குள்ளர்களும்' என்று கிண்டல் செய்தார். ஜூன் 25இல் கொரியப் போர் வெடித்தது. கம்யூனிச பயம் இரட்டிப்பானது. ஆறு பேரில் பெரும்பாலோர் மெல்லப் பின்வாங்கினார்கள். 1951இல் விசாரணைத் துணைக்குழுவிலிருந்து ஸ்மித்தை எடுத்துவிட்டு நிக்ஸனைப் போட்டார். 1954இல் மெய்னுக்கே தன் ஆளை அனுப்பி நிறுத்திப் பார்த்தார். ஸ்மித் சுமார் ஐந்துக்கு ஒன்று என்று ஜெயித்தார்.

அந்த டிசம்பரில் செனட் 67க்கு 22 என்று மெக்கார்த்தியைக் கண்டித்தது. எதற்காக என்று பாருங்கள் தம்பி. வேலை பறிபோன குமாஸ்தாக்களுக்காகவா, பெயர் கெட்ட ஆசிரியர்களுக்காகவா? தீர்மானத்தில் நின்றவை செனட் குழுக்களையும் சக செனட்டர்களையும் அவமதித்ததற்கான குற்றச்சாட்டுகள். வெளியாள் என்றால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், உள்ளாள் என்றால் மட்டும் ரோஷம் வரும் என்று ஸ்மித் 1950இல் சுட்டிக்காட்டியது அப்படியே நடந்தது. அவரும் கண்டனத்துக்கு ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டார்.

கேள்வி (நாகர்கோவில் வக்கீல்): அப்படியானால் உரை தோல்வி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

நான்கு வருடத்துக்கு, ஆமாம். ஒப்புக்கொள்கிறேன். அதனால் நழுவல் என்று ஆகிவிடாது. அடுத்த கேள்வி.

கேள்வி (மதுரை மாணவர்): ஜனாதிபதி தேர்தலில் நின்றாராமே?

1964இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெரிய கட்சி மாநாடு ஒன்றில் ஒரு பெண்ணுக்கு அது முதல் முறை. முதல் சுற்றில் 27 ஓட்டு. கட்சி வேட்பாளர் இடத்தைக் கோல்டுவாட்டர் ஜெயித்தார்.

கேள்வி (ஈரோடு): குறை ஒன்றுமே இல்லையா டீச்சர்?

ஏன் இல்லை? கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்ய 1953இல் மசோதா கொண்டுவந்தவர் இவரேதான். அதைப் பிரகடனத்தோடு சேர்த்து வைத்துப் படிப்பது எனக்கே கஷ்டம். 1963இல் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார். வியட்நாம் போரை ஆதரித்தார். 1972இல் தோற்றபோது அவருக்கு 74 வயது.

கேள்வி (தஞ்சாவூர்): முதல் பெண் செனட்டரான இவர்...

மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி ஆசிரியை): அதிகம் பேசாதவர் என்கிறார்களே, அப்புறம் எப்படிப் பெயர் வந்தது?

வந்து உட்கார்ந்ததால். 1955லிருந்து 1968 செப்டம்பர் வரை ஒரு வாக்கெடுப்பையும் விடாமல் தொடர்ந்து 2,941 முறை ஓட்டளித்தார். இடுப்பு அறுவை சிகிச்சைதான் அந்தத் தொடரை முறித்தது. எப்போதாவது எழுந்தால் அவை கவனித்தது. 1961இல் அணு ஆயுத விஷயத்தில் கென்னடிக்கு உறுதி போதவில்லை என்று பேசினார். சோவியத் தலைவர் குருஷேவே கோபப்பட்டுப் பெண் உருவில் வந்த பிசாசு என்று திட்டினார்.

கேள்வி (ஊட்டி): அந்த ரோஜா?

தினமும் ஒரு சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவார். கென்னடி கொல்லப்பட்ட பிறகு, அவர் செனட்டராக இருந்தபோது உட்கார்ந்த மேசைமேல் ஒரு ரோஜாவை வைத்தார்.

வக்கீல் தம்பி இன்னொரு கேள்வி அனுப்பியிருக்கிறார், மூன்று பத்தி. நான் சாப்பிடப் போகிறேன்.