இணையம்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில் நாற்பது பேர் இருக்கிறோம். ஒரே நிறுவனத்தை நம்பியிருக்காத சமூக வலைத்தளத்துக்கு மாற நினைக்கிறோம். மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர் மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கணக்கின் முகவரி யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மூன்றும் வேறுபடுவது அங்கேதான்.

மாஸ்டடான், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் (தளங்கள் ஒன்றோடொன்று பேசும் விதிகளில்) இயங்குகிறது. முகவரியில், உங்கள் கணக்கை வைத்திருக்கும் கணினியான சர்வரின் பெயரும் சேர்ந்தே வரும். வேறு சர்வருக்கு மாற, முதலில் புதிய கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். பிறகு பழைய கணக்கிலிருந்து மாற்றத்தைத் தொடங்க வேண்டும். வரிசை தப்பினால் நடக்காது. பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள், எழுதிய பதிவுகள் வராது. பழைய சர்வர் அதற்குள் மூடப்பட்டிருந்தால் பின்தொடர்பவர்களும் போனார்கள். ஆகவே சேரும் முன், மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே அறிவிப்பதாக அந்த சர்வர் உறுதி தந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புளூஸ்கையின் ஏடி நெறிமுறையில் ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. வட்டத்துக்குச் சொந்த டொமைன் (இணையதளப் பெயர்) இருந்தால் அதையே பெயராக வைக்கலாம். பெயர் மாற்றும் பக்கம் தரும் வரியை, டொமைன் வாங்கிய தளத்தின் டிஎன்எஸ் பகுதியில் (டொமைனுக்கான அமைப்புகள் இருக்கும் இடம்) டிஎக்ஸ்டி என்ற வகைக் குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: சில தளங்கள் டொமைனைத் தாமாகவே பின்னால் ஒட்டும், நீங்களும் முழுப் பெயரை இட்டால் டொமைன் இரண்டு முறை வந்து சரிபார்ப்பு தோற்கும். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் பெயர் செல்லாது என்று காட்டும். ஆனால் பதிவுகளும் தொடர்புகளும் அப்படியே இருக்கும். ஒரு பதிவுக்கு 300 எழுத்து. 'கி' அங்கே ஓர் எழுத்தாகவே எண்ணப்படுவது தமிழில் எழுதுவோருக்கு நல்ல செய்தி.

நாஸ்டரில் கணக்கே ஒரு சாவி ஜோடிதான்: எல்லோருக்கும் தெரியும் பொதுச் சாவி ஒன்று, கடவுச்சொல் போல நீங்கள் மட்டும் வைத்திருக்கும் ரகசியச் சாவி ஒன்று. ரகசியச் சாவி தொலைந்தால் மீட்க வழியில்லை. திருட்டுப் போனால் அதே கணக்குக்கு வேறு சாவி மாற்றவும் முடியாது. நாற்பது பேர் பகிர்ந்து நடத்தும் பொதுக்கணக்குக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு என் தேர்வு: டொமைன் இருந்தால் புளூஸ்கை. அதைவிட, நீண்ட கட்டுரைகளும் உங்களுக்கென்று தனி விதிகளும் வேண்டும், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு என்றால் சொந்த மாஸ்டடான்.

கேள்வி: புளூஸ்கையும் ஒரே நிறுவனம்தானே?
– வாசகி, இந்திராநகர், பெங்களூரு

பதில்: நியாயமான கவலை. பெரும்பாலான கணக்குகள் இன்னும் அந்நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. அடையாள எண்களின் பதிவேட்டைத் தொடங்கி நடத்திவந்ததும் அதுவே. நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. கணக்கு அமைப்பில் 'தரவை ஏற்றுமதி செய்' என்பதை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். பதிவுகள் ஒரே கோப்பாக இறங்கும். படங்கள் அதில் வராது, அவற்றைத் தனியே சேமியுங்கள். அடுத்து, தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரைக் கொண்டு உங்கள் சொந்த மீட்புச் சாவியை அடையாள எண்ணில் சேர்த்துவிடுங்கள். சர்வர் ஒத்துழைக்காவிட்டாலும், அந்தச் சாவியும் இறக்கிவைத்த கோப்பும் இருந்தால் கணக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம்.