பார்படோஸில் ஆறு மாதம்: வில்லாவில் பெட்டியைப் பிரிக்கும் முன் மீட்டரைப் படம் எடுங்கள்

கேள்வி: ஸ்கார்பரோவில் வசிக்கிறோம், கனடியக் குடியுரிமை உண்டு. நானும் மனைவியும் கணினியில் வேலை பார்ப்பவர்கள், எங்கிருந்தும் செய்யலாம். மூன்று வயது மகளையும் என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஜனவரி நடுவிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை கரீபியன் தீவான பார்படோஸில் தங்கப்போகிறோம். தெற்குக் கரையில் நீச்சல் குளத்துடன் ஒரு வில்லா பேசியிருக்கிறோம், ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. இறங்கியதும் என்னென்ன பார்க்க வேண்டும்? மிக்ஸி, கிரைண்டர் கொண்டுபோகலாமா?

பதில்: கையெழுத்துப் போடவில்லை என்பது நல்ல விஷயம். முக்கியமான பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் வாடகை எந்த டாலரில் என்று எழுத்தில் கேளுங்கள். பார்படோஸ் டாலர் 1975 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. கடையிலும் டாக்சியிலும் இரண்டு பணமும் செல்லும். வெறும் டாலர் குறி மட்டும் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு தொகை இரண்டு மடங்காகிவிடலாம். உங்களுக்குக் கனடிய டாலர் என்ற மூன்றாவது குழப்பமும் உண்டு.

அடுத்தது மின்சாரம். நீண்ட வாடகைகளில் மனக்கசப்பு தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இறக்குமதி எண்ணெயை எரித்து வருகிறது. எரிபொருள் விலைக்கேற்ப பில்லில் ஒரு தொகை மாதாமாதம் ஏறி இறங்கும். அதனால் பல உரிமையாளர்கள் மின்கட்டணத்தை வாடகையில் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். உங்கள் ஒப்பந்தம் எந்த வகை? குளத்து மோட்டாரும் தோட்ட விளக்குகளும் அதே மீட்டரில் ஓடுகின்றனவா? ஓடினால் அந்தச் செலவு யாருடையது? குளத்து மோட்டார் தினமும் பல மணி நேரம் ஓடும். இதைக் கேட்காமல் விட்டவர்கள் முதல் பில்லில் திகைத்துப்போவார்கள். சாவி வாங்கும்போதே உரிமையாளரின் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீட்டரைத் தேதியோடு படம் எடுங்கள். அப்படியே அறை அறையாக ஒரு வீடியோவும் எடுத்துவிடுங்கள். கடற்காற்றில் கீல், குழாய், அடுப்பு எல்லாம் துருப்பிடிக்கும். ஜூலையில் அந்தத் துரு உங்கள் கணக்கில் ஏறக்கூடாது.

ஏசி படுக்கையறையில், இரவில் மட்டும் போதும். தீவின் மேல் ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. கிழக்குச் சன்னலையும் அதற்கு எதிர்ச்சன்னலையும் திறந்தால் பகலில் வீடு தானாகக் குளிரும். கொசுவலை இல்லாத சன்னல்கள் உண்டா என்று முன்பே கேளுங்கள், டெங்கு அங்கே இருக்கிறது. பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிட வேண்டும்.

மிக்ஸிக்கு வருவோம். பிளக் கனடாவில் உள்ளதேதான், மின்னழுத்தம் 115 வோல்ட். ஆனால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், உங்கள் ஊரில் 60. கனடாவில் வாங்கிய மிக்ஸியின் கார்பன் பிரஷ் மோட்டாருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. ரைஸ் குக்கர், மடிக்கணினி, போன் சார்ஜர் எல்லாம் ஓடும். சிக்கல் வெட் கிரைண்டரில்தான். அதிலிருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. சுற்று ஆறில் ஐந்து பங்காகக் குறையும், சூடும் கூடும். அரைமணி நேரம் உளுந்து அரைத்தால் மோட்டார் தாங்குமா என்று சொல்ல முடியாது. கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தால் போதும். ஜனவரி டொரன்டோவில் மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டுப் புளிக்கவைப்பீர்கள். பார்படோஸில் அதற்கு அவசியமே இல்லை, பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

தண்ணீரைக் குழாயிலிருந்து அப்படியே குடிக்கலாம். தீவின் பெரும்பகுதி பவளச் சுண்ணாம்புப் பாறை, மழைநீர் அதனுள் இறங்கித்தான் நிலத்தடி நீராகிறது. ஆகவே அது கடினநீர். கெட்டிலில் வெள்ளைப் படிவு பிடிக்கும், துவரம்பருப்பு சீக்கிரம் வேகாது. பிரஷர் குக்கர் கட்டாயம் கொண்டுபோங்கள், பருப்பை ஊறவைத்துப் போடுங்கள். வடக்கு, கிழக்குப் பகுதிகளில் பழுப்புத் தண்ணீரும் தண்ணீர்த் தட்டுப்பாடும் நீண்டகாலப் புகார்கள். தெற்கில் அந்தத் தொல்லை குறைவு என்றாலும், வீட்டில் சேமிப்புத் தொட்டி உண்டா என்று கேட்டுவைப்பது நல்லது.

வெண்டைக்காய், பூசணி, வாழைக்காய், ஈரப்பலா, மீன் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். பட்டாணிப் பருப்பு சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கும். மிளகாய்த்தூள், பெருங்காயம், துவரம்பருப்பு ஆகியவற்றைச் சீல் வைத்த பாக்கெட்டில் எடுத்துச் சென்று சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் வேண்டாம். ராணுவ உடைபோலப் புள்ளி போட்ட துணி எதையும் எடுக்காதீர்கள், குழந்தையின் சட்டைகூட. அங்கே அதை அணிவது சட்டப்படி குற்றம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது நீச்சல் குளம்தான். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் வேலியில்லாத குளம் கூடவே கூடாது. வாடகை வில்லாக்களில் வேலி இல்லாதவையே அதிகம். கழற்றி மாட்டும் வலைவேலியை நீங்கள் போய்ச் சேரும் முன்பே பொருத்தித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மறுத்தால் வேறு வீடு பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடற்கரையில் மஞ்சினீல் மரத்தையும் மகளுக்குக் காட்டிக்கொடுங்கள். சின்னப் பச்சை ஆப்பிள்போலக் காய்க்கும், காய் நச்சு, பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்குக்கூட அதனடியில் ஒதுங்கக்கூடாது. பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியோ பலகை வைத்தோ எச்சரித்திருப்பார்கள்.

தெற்கிலும் கிழக்கிலும் வசந்தத்திலிருந்து கோடைவரை சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி குவியலாக ஒதுங்கும் ஆண்டுகள் உண்டு. அழுகினால் முட்டை நாற்றம், அந்த வாயு உலோகத்தையும் ஏசியையும் அரிக்கும். அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால், கரையை ஒட்டிய வீட்டைவிடச் சற்று உள்ளே தள்ளியது மேல்.

ஆவணங்கள். சுற்றுலாப் பயணியாக இறங்கினால் வேலை பார்க்கும் உரிமை வராது. உங்களைப் போன்றவர்களுக்காகவே 2020 ஜூலையில் வெல்கம் ஸ்டாம்ப் என்ற 12 மாத அனுமதி வந்தது, ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்ட வேண்டும். அம்மா அதில் சேருவாரா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் பயணியாக வந்து, கடவுச்சீட்டில் குத்தும் தேதியைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் 12 மாதத்தில் 212 நாள்வரை வெளியே இருக்க விடுகிறது, ஆகவே உங்கள் காப்பீடு அறுபடாது. ஆனால் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அது தருவது சொற்பம். பயணக் காப்பீடு எடுக்கும்போது அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளில் சமீபத்தில் அளவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்த நோய்க்கான செலவை நிறுவனம் மறுக்கலாம்.

கடைசியாகப் புயல். ஜூன் 1-க்குப் பிறகு நீங்கள் புயல் பருவத்துக்குள் இருப்பீர்கள். 2021 ஜூலை தொடக்கத்தில் எல்சா பார்படோஸைத் தாக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் தெற்கே கடந்துபோனபோதே மீன்பிடிப் படகுகள் நொறுங்கின. சன்னல் ஷட்டர் உண்டா, அதை மாட்டுவது யார், புயலால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் மீதி வாடகை திரும்புமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். போலீஸ் 211, தீயணைப்பு 311, ஆம்புலன்ஸ் 511. வீட்டு முகவரியோடு சேர்த்து எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுங்கள், அம்மா தனியாக இருக்கும் நேரத்துக்கு உதவும்.