கைமாற்றாகப் போன பொறுப்பு

கேள்வி: வேலையே நடக்காத வாரியங்களையும் ஆணையங்களையும் கலைத்துவிட்டு, அவற்றின் சட்டப் பொறுப்புகளை ஏதாவது ஒரு துறைக்குக் கைமாற்றிவிட்டால் அரசுக்குச் செலவு மிச்சம்தானே? இதற்கு ஏன் இத்தனை கூச்சல்?
(பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: 'கைமாற்றிவிட்டால்' என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்கள் கடிதத்தைக் கட்டிலிருந்து உருவினேன். மிச்சத்துக்கு அப்புறம் வருகிறேன், இடமிருந்தால்.

கைமாற்று என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? மாதக் கடைசி. பக்கத்து மேஜைக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஒரு ஐந்நூறு இருக்குமா, ஒண்ணாம் தேதி தந்துடறேன்" என்பார். சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது, வட்டியும் கிடையாது. வாங்கும்போது கை நீளும். திருப்பிக் கேட்கும்போது ஆள் மாற்றுப் பாதையில் போய்விடுவார். இந்தப் பத்திரிகையில் முன்பு பிழைதிருத்திய நண்பர் ஒருவர் என்னிடம் அப்படித்தான் வாங்கினார். இப்போதெல்லாம் என்னைச் சந்திப்பதைத் தவிர்க்கிறார். ஆனால் என் பக்கங்களில் உள்ள சந்திப்பிழைகளை மட்டும் மாதந்தோறும் போஸ்ட்கார்டில் எழுதி அனுப்புகிறார். 'கைமாற்று' என்பதைச் சேர்த்து எழுத வேண்டும் என்று என்னிடம் ஒரு வாரம் சண்டை போட்டவரும் அவர்தான். சேர்த்தே எழுதியிருக்கிறேன். பணம்?

சரி, உங்கள் விஷயம். அரசாங்கத்திலும் கைமாற்று உண்டு, பத்திரம் எழுதிக் கொடுப்பதும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் கூச்சலே ஆரம்பிக்கிறது.

மத்திய திட்டக் கமிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 மார்ச் 15-ல் ஓர் அமைச்சரவைத் தீர்மானத்தில் பிறந்தது. அரசியல் சாசனத்தில் அதன் பெயர் இல்லை. அதற்கென்று ஒரு சட்டமும் இல்லை. இருந்தாலும் அறுபது வருஷத்துக்கு மேல் முதலமைச்சர்கள் நிதி கேட்டு அதன் படியேறினார்கள். 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் அதற்கு விடை கொடுத்தார். 2015 ஜனவரி 1-ல் இன்னொரு தீர்மானம், நிதி ஆயோக் வந்தது. கமிஷன் இருந்த டெல்லி யோஜனா பவன் நிதி ஆயோக் பவன் ஆயிற்று. பணம் பங்கிடும் அதிகாரம் மட்டும் நிதி அமைச்சகத்தின் பக்கம் போய்விட்டது. நான் இதை முன்பு ஒருமுறை எழுதியபோது ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "நாடாளுமன்றத்தைக் கேட்காமல் எப்படிக் கலைக்கலாம்?" என்று நாலு பக்கம் திட்டி எழுதினார். ஐயா, பிறந்தபோதும் கேட்கவில்லையே! சட்டம் கொடுத்த பொறுப்பு என்று ஒன்று இருந்தால்தானே சட்டப்படி ஒப்படைக்க? கோபம் இன்னும் ஆறவில்லையென்றால் ஐந்தாம் பக்கத்தை அனுப்பலாம்.

சட்டத்தால் பிறந்த வாரியம் வேறு ஜாதி. அதைக் கலைக்க இன்னொரு சட்டம் வேண்டும். கலைத்த பிறகும் அது லேசில் விடாது. 1897-ஆம் வருஷத்துப் பொது விதிகள் சட்டம், 6-ஆம் பிரிவு: புதுச் சட்டம் வேறு மாதிரி சொல்லாத வரை, பழைய சட்டம் ரத்தானாலும் அதன் கீழ் ஏற்கெனவே வந்த உரிமையும் கடமையும் தண்டனையும் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் ரத்தாகாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் கைமாற்று வாங்கியவர்களை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவன் எழுதியது.

ஆகவே கலைக்கும் சட்டத்தின் கடைசிப் பக்கங்களைத்தான் நான் முதலில் படிப்பேன். கிடப்பில் உள்ள மனு யாருக்குப் போகிறது? பழைய உரிமம் செல்லுமா? ஊழியர் எங்கே, அவர் பென்ஷன் யார் தலையில்? இவற்றைவிட முக்கியமாக, அப்பீல் எங்கே? வாரியம் ஒரு மனுவைத் தள்ளினால் அரசிடம் அப்பீல் போகலாம் என்று பழைய ஏற்பாடு இருக்கும். இப்போது வாரியத்தின் வேலையே செயலாளர் மேஜைக்கு வந்துவிட்டது. அடித்தவரிடமே போய்ப் பிராது கொடுக்க வேண்டும். 'ஏதாவது ஒரு துறைக்கு' என்று நீங்கள் சாதாரணமாக எழுதிய இடத்தில் இதுதான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் பிழைப்பிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1867 முதல் பத்திரிகை நடத்துபவன் மாஜிஸ்திரேட் முன்பு உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 2023-ல் வந்த புதுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் அந்த வேலையை மாஜிஸ்திரேட்டிடமிருந்து எடுத்துவிட்டது. எல்லாம் ஆன்லைன், பதிவாளரின் பதவிப் பெயரும் மாறிவிட்டது. ஆனால் ஏற்கெனவே பதிவான பத்திரிகைகள் பதிவானவையாகவே இருக்கும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அது இல்லாவிட்டால் நான் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், மறுபடி படிவம் நிரப்பிக்கொண்டிருப்பேன்.

மின்வாரியத்தைக் கலைத்ததும் ஒரு வகையில் பத்திர வேலைதான். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 131-ஆம் பிரிவுப்படி வாரியத்தின் சொத்தும் கடனும் முதலில் மாநில அரசின் கைக்கு வரும், பிறகு கம்பெனிகளுக்குப் போகும். நம் மாநிலத்தில் 2010 நவம்பரில் உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் டான்ஜெட்கோ, மின்சாரத்தைக் கடத்துவதற்கு டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024-ல் டான்ஜெட்கோவையும் பிரித்தார்கள். ஜனங்கள் இன்னமும் 'ஈ.பி. ஆபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். ஜனங்களின் வாயில் கலைப்புச் சட்டம் செல்லாது.

வேலையே நடக்கவில்லை என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வலிக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2003-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் ஆரம்பித்தார்கள். டிரேட் மார்க், காப்புரிமை அப்பீல்கள் இங்கே வரும். தலைவர் நாற்காலி மாதக்கணக்கில் காலி. உறுப்பினர் நாற்காலியும் அப்படித்தான். விசாரிக்க ஆள் இல்லையென்றால் வழக்கு தேங்காமல் என்ன செய்யும்? அப்புறம் 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம், ஆகஸ்டில் சட்டம், வாரியமே இல்லை. தீவனம் போடாமல் மாட்டை மெலிய விட்டு, 'கறக்கவில்லை' என்று சந்தைக்கு ஓட்டிப்போன கதை. அதே வீச்சில் திரைப்படத் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் போயிற்று. வெட்டு பிடிக்காத தயாரிப்பாளர் இனி நேரே உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். வாரியத்தின் வழக்குக் கட்டுகளும் உயர் நீதிமன்றங்களுக்கே போயின. டெல்லியில் அதே வருஷம் ஜூலையில் அவற்றுக்கென்று தனிப் பிரிவு வைத்துவிட்டார்கள். சென்னையில் அது 2023-ல்தான் வந்தது. தலைமையிடம் சென்னை என்பதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் வேடிக்கை, வியாபாரத்தில் ஏகபோகத்தை விசாரித்துவந்த எம்.ஆர்.டி.பி. கமிஷன். 2009-ல் அதற்கு முடிவு கட்டியபோது, கிடப்பிலிருந்த வழக்குகள் புதிதாக வந்த போட்டிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. 2017-ல் நிதிச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தையும் கலைத்து, வேலையைத் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடம் கொடுத்தது. ஒருவனிடம் வாங்கி இன்னொருவனுக்குக் கொடுத்து, அவனிடமிருந்து மூன்றாமவன் வாங்கியது. இதில் வழக்குப் போட்டவனின் கோட் மட்டும் பழையது.

செலவு மிச்சமா என்றுதானே கேட்டீர்கள்? வாடகையும் தலைவரின் காரும் மிச்சம். வேலை அப்படியே இருந்தால் அதைச் செய்கிறவனுக்குச் சம்பளமும் இருக்கும். வேலையே வேண்டாம் என்றால் சட்டத்திலிருந்து அந்தக் கடமையை எடுங்கள், அதைச் சபையில் சொல்லிவிட்டு எடுங்கள். யாரும் அதற்குத் துணிவதில்லை. போர்டை மட்டும் கழற்றுகிறார்கள்.

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு வாரியத்துக்கு நகல் ஒன்று கேட்டு எழுதினேன். எந்த வாரியம் என்று சொல்ல மாட்டேன். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேலே வாரியத்தின் பெயர் அச்சிட்ட தாள், கீழே வாரியத்தின் ரப்பர் ஸ்டாம்ப், பச்சை மையில் கையெழுத்து. நடுவில் இரண்டே வரி: 'மேற்படி வாரியம் கலைக்கப்பட்டுவிட்டது. இது தொடர்பான கடிதங்களை இனிமேலும் இதே முகவரிக்கு அனுப்பவும்.'