விசிலா, கொட்டாவியா? – வாசகர் கேள்வி பதில்

ரோபோ, விண்கலம், காலப்பயணம் என்று வரும் அறிவியல் ஆக்‌ஷன் படங்களின் இரண்டாம் பாகங்களைப் பற்றி எல்லையோர வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: இப்படி ஒரு படம் வந்தால், பாலக்காட்டில் விடியற்காலைக் காட்சி பார்த்தவர்கள் ஏழு மணிக்குள் 'மாஸ்', 'மொக்கை' என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு நம்பலாம்?

முதலில் மணியைப் பாருங்கள். 2023 அக்டோபரில் 'லியோ' வந்தபோது கேரளத்தில் காலை 4 மணிக்கே முதல் காட்சி ஓடியது. தமிழ்நாட்டில் 9 மணிக்குத்தான் அனுமதி. வாளையாறு தாண்டி வருகிற கோவைக்காரர்களும் சேர்ந்துகொள்ள, தமிழ்ப் படத்தின் முதல் தீர்ப்பே உங்கள் பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது. 4 மணிக்குத் தொடங்கும் இரண்டரை மணி நேரப் படம், இடைவேளையையும் சேர்த்தால் 6.45 வாக்கில்தான் முடியும். 5.30-க்கே செய்தி வந்துவிட்டதென்றால் அது பாதிப் படத்தின் செய்தி.

இரண்டாம் பாகத்துக்கு இது ரொம்ப முக்கியம். பழைய பாத்திரம் திரும்ப வரும்போதும், பழைய தீம் மியூசிக் ஒலிக்கும்போதும், பழைய பஞ்ச் வசனம் வரும்போதும் விழுகிற விசில் முதல் பாகத்துக்கு விழுவது. புதுக் கதை நிற்கிறதா என்பது பிற்பாதியில்தான் தெரியும். நேர்மாறாகவும் ஆகும். 'எந்திரன்' படத்தின் இரண்டாம் பாகமான '2.0' (2018) படத்தில் ரசிகர்கள் காத்துக்கிடந்த, சிவப்பு சிப் பொருத்திய ரோபோ சிட்டி, படம் பாதி தாண்டித்தான் வருவான். இடைவேளையிலேயே முடிவு கட்டியவர்கள் அதைக் கணக்கில் எடுத்திருக்க முடியாது.

ஆகவே நண்பரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எந்தக் காட்சி, எந்த மொழி, 3டியா 2டியா என்று கேளுங்கள். பிற்பாதியில் உங்களுக்கு முன்வரிசைகளில் எத்தனை செல்போன் வெளிச்சம் தெரிந்தது என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் ரசிகர் வாய்விட்டுக் குறை சொல்லமாட்டார். கை போனைத் தேடிவிடும். அவசரமில்லை என்றால் திங்கட்கிழமை மாலைக் காட்சியின் புக்கிங்கைப் பாருங்கள். ஆனால் ஆப்பில் சாம்பல் நிறத்தில் இருக்கும் சீட்டெல்லாம் விற்றது அல்ல. கவுன்ட்டருக்கு ஒதுக்கி வைத்ததும் அப்படித்தான் தெரியும்.

பாலக்காடு வாசகி: எல்லாரும் 'விஷுவல் மிரட்டல்' என்கிறார்கள். நான் 3டியில் பார்த்தேன். ஒரே இருட்டு, தலைவலி வேறு. படத்தின் குறையா?

அரங்கின் குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழவேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் அளவு. 3டியில் புரொஜெக்டர் முன்னால் இருக்கும் ஃபில்டரும் நீங்கள் போடும் கண்ணாடியும் வெளிச்சத்தைத் தின்றுவிடும். கண்ணுக்கு 4, 5 வந்து சேர்ந்தாலே பெரிது. புரொஜெக்டருக்குள் எரியும் ஸீனான் விளக்கு பழசானால் அதுவும் மங்கும். புது விளக்கின் விலைக்குப் பயந்து பழசையே இழுத்து ஓட்டுகிற அரங்குகள் உண்டு. இரவுச் சண்டை, புகை, கறுப்பு உலோகம் என்று இந்த வகைப் படங்களில் இருண்ட காட்சிகளே அதிகம் என்பதால் முதல் அடி இவற்றுக்குத்தான்.

படம் ஓடும்போதே சோதிக்கலாம். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒற்றைக் கண்ணில் பார்க்கும்போதும் உருவத்தை ஒட்டி இன்னொரு நிழலுருவம் தெரிந்தால், இரண்டு கண்ணுக்கான படங்களும் கலக்கின்றன. கண்ணாடியைத் துடையுங்கள், போகவில்லை என்றால் வேறு கேட்டு வாங்குங்கள். தலையைச் சாய்க்கும்போது மட்டும் அப்படித் தெரிந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். தூரத்து மலை முன்னால் வந்து, முன்னால் நிற்கிற ஆள் பள்ளத்தில் நிற்பதுபோல் தெரிகிறதா? இடது, வலது கண் படங்கள் மாறி ஓடுகின்றன. பத்து நிமிஷத்தில் தலை விண்விண்ணென்று ஆகிவிடும். சகித்துக்கொண்டு உட்காராமல் உடனே வெளியே போய் ஆபரேட்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மாற்றுவது சின்ன வேலைதான்.

3டிக்காக வெள்ளிப் பூச்சுத் திரை போட்ட அரங்கில் ஓரச் சீட்டுக்கு வெளிச்சம் இன்னும் குறையும். நடுவில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி உட்காருங்கள். இன்னொன்று: 3டி காட்சி முடிந்ததும் ஃபில்டரை நகர்த்த மறந்துவிட்டால் அடுத்து ஓடுகிற 2டி படமும் அழுது வடியும்.

செங்கோட்டை வாசகர்: புனலூரில் பார்த்தேன். பின்னணி இசை காதைக் கிழிக்கிறது, வசனம் விளங்கவே இல்லை. கதை புரியவில்லை என்று பலர் சொல்வது இதனால்தானா?

பாதிப் பேருக்கு இதனால்தான் இருக்கும். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் உள்ள ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். பக்கவாட்டு ஒலி நன்றாக இருந்து பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் நடு ஸ்பீக்கரில்தான் கோளாறு. எல்லாமே அலறினால் ஒலி அளவு கூடுதல். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டால்பி கருவியில் 7 என்பதுதான் முறையான அளவு. அதற்கு மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் அரங்கின் இஷ்டம். 2024 நவம்பரில் 'கங்குவா'வுக்கு இந்தப் புகார் குவிந்தபோது, ஒலியை 2 புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே அரங்குகளிடம் கேட்டுக்கொண்டார். முதல் பத்து நிமிஷத்துக்குள் புகார் சொன்னால் பலன் உண்டு.

குமுளி வாசகர்: வாசலில் மைக் நீட்டி விமர்சனம் கேட்பதைத் தடை செய்துவிட்டார்களா?

நீதிமன்றம் தடை செய்யவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தில் 2023-ல் இதுபற்றி வழக்கு வந்தது. படம் வெளியாகி 48 மணி நேரம் விமர்சனம் போடாமல் பொறுக்கலாம் என்பது 2024-ல் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டவர் சொன்ன யோசனை. முதல் 3 நாளுக்குத் தடை கேட்டுத் தயாரிப்பாளர்கள் 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். கேட்ட தடை கிடைக்கவில்லை.

நகரி வாசகி: அம்மா முதல் பாகம் பார்த்ததில்லை. இங்கே தெலுங்கில்தான் ஓடுகிறது. கூட்டிப்போகலாமா?

தாராளமாக. '2.0' என்றால், வசீகரன் செய்த ரோபோ சிட்டி, சிவப்பு சிப் ஏறியதும் அழிவு வேலையில் இறங்கியது, கடைசியில் கழற்றிப் போடப்பட்டது – இவ்வளவு தெரிந்தால் போதும். 'டெர்மினேட்டர் 2' (1991) மாதிரிப் படத்தில் மட்டும் கொஞ்சம் இழப்பு. 1984 படத்தில் கொல்ல வந்த அதே உருவம் இதில் காக்க வருகிறது. முதல் பாகம் தெரியாதவருக்கு அந்தத் தூக்கிவாரிப்போடல் கிடையாது. அதையும் டிரெய்லரிலேயே போட்டு உடைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

மொழி மாறினால் சண்டைக்கு ஒன்றும் ஆகாது. இசையும் சத்தங்களும் ஒன்றே, பேச்சு மட்டும்தான் மாறும். அடிபடுவது நக்கல், சிலேடை, ரோபோவின் குறும்புப் பேச்சு. அம்மாவுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு என்றால் நகரியிலேயே பாருங்கள். காமெடிக்குச் சிரிக்கவேண்டும் என்றால், தமிழில் பார்க்கத் திருத்தணிக்கு ஒரு நடை போய்வாருங்கள்.