பழகிவிட்டது என்று சொல்லாதீர்கள்

வணக்கம் அக்கா. ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமா) முடித்து ஆறு வருடமாகத் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இந்த வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங் சேர்ந்திருக்கிறேன். வாரத்தில் நான்கு நைட் டூட்டி, இரவு 8 முதல் காலை 8 வரை. 9.30-க்குக் கல்லூரி, 4 மணி வரை. நான்கு வயதில் மகள். பகலில் படுத்தால் மாமியார் முகம் சுளிக்கிறார். தூக்கமில்லாதது பழகிவிட்டது, ஆனால் எப்போதும் அசதி, படித்தது மனதில் நிற்பதில்லை. எச்.பி. (ஹீமோகுளோபின்) 9.2. எந்தச் சத்து மாவு, எந்த வைட்டமின் மாத்திரை எடுக்கலாம்? வீட்டிலேயே செய்ய என்ன உடற்பயிற்சி?

எஸ்., திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

நைட் டூட்டி பார்ப்பவர்களின் தூக்கம் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதைத்தான் தொட்டது.

சத்து மாவு எதுவானாலும் சரி, வீட்டில் அரைத்ததே போதும். டூட்டி பையில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நடப்பவருக்கு இப்போதைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டாம். முதுகைக் காப்பாற்றிக்கொண்டால் போதும்: நோயாளியைத் திருப்பும்போது கட்டிலை இடுப்பளவுக்கு உயர்த்துங்கள், அவருக்கு அடியில் விரித்திருக்கும் டிரா ஷீட்டைப் பிடித்து இரண்டு பேராக இழுங்கள்.

எச்.பி. 9.2-ஐ அப்படி விட முடியாது. 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை; உங்களுடையது நடுத்தர அளவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லோருக்கும் இருக்கிறது என்பதற்காக இது சாதாரணமாகிவிடாது. மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் எழுதித்தரும் இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். டீயோடும் பாலோடும் வேண்டவே வேண்டாம். டீ குடிக்க ஒரு மணி நேரமாவது போகட்டும். எச்.பி. ஏறிய உடனே நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போட வேண்டும்.

இனி தூக்கம். "பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது. தூக்கம் வருகிற உணர்வு மரத்துப்போகும், தடுமாற்றம் போகாது. 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மி.லி. ரத்தத்தில் 100 மி.கி. மது இருப்பவருடையதற்குச் சமம் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். வண்டி ஓட்ட நம் சட்டம் விடுவது 30 மி.கி. வரைதான். டூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வருகிறீர்களா? நாளையிலிருந்து பஸ்ஸில் வாருங்கள்.

காலை ஆறு மணி இன்சுலினை நினைத்துப் பாருங்கள். குப்பியில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட்டா, 100 யூனிட்டா? கையில் இருப்பது 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சா, 100-க்கான ஆரஞ்சு மூடியா? 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நன்றாகத் தூங்கியிருந்தால் சட்டென்று கண்ணில் படும். தூங்காத கண்ணுக்கு இரண்டும் ஒரே மூடிதான். படித்தது நிற்காததற்கும் இதுவே காரணம். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். அதற்கு எந்த மாத்திரையும் ஈடாகாது.

உங்கள் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தேன். நைட் டூட்டி நாட்களில் மாலை 5-க்கும் 7-க்கும் நடுவே தவிர இடமே இல்லை. அதில் மகளுக்குச் சோறு ஊட்ட வேண்டும். இதை எந்த உடம்பும் தாங்காது, உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ரோஸ்டர் போடுகிற இன்சார்ஜிடம் பேசி வெள்ளி, சனி இரவுகள் இரண்டு மட்டும் கேளுங்கள். சம்பளம் குறையும், தெரியும். படிப்பு இரண்டு வருடம்தான்.

அந்த இரண்டு இரவிலும் கடைசி டீ 2 மணியோடு முடியட்டும். 4 மணிக்குக் குடித்தால் அதில் பாதி காலை 9 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும், படுத்தால் தூக்கம் வராது. 3 மணி வாக்கில் இன்னொரு சிஸ்டரிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு 20 நிமிடம் கண் மூடுங்கள். அதற்கு மேல் போனால் எழுந்ததும் மந்தமாக இருக்கும். எப்படியும் எழுந்த கால் மணி நேரத்துக்கு மருந்துக் கணக்கு எதையும் தொடாதீர்கள். வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு பொழுது விடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றோடு படுக்காமல் இரண்டு இட்லி சாப்பிடுங்கள். ஜன்னலில் கனமான போர்வையைக் கட்டி 9 மணிக்குப் படுத்தால், மதியம் 2 வரை யாரும் எழுப்பக் கூடாது. மாலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் இன்னும் ஒன்றரை மணி நேரம்.

மாமியாரிடம் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மருமகளுக்குக் காலை பத்து மணி என்பது நடுராத்திரி. உங்களை ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடு என்றால் எப்படி இருக்கும்? அந்த ஐந்து மணி நேரம் பேத்தியையும் காலிங் பெல்லையும் நீங்களும் உங்கள் மகனும் பார்த்துக்கொள்ளுங்கள். மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

ஒரு மாதம் கழித்து எச்.பி. பார்த்து எழுதுங்கள். கூடவே ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்ற கணக்கும் வேண்டும்.

அன்புடன்,
அக்கா