சாவி எப்போது கைக்கு வரும்?

கேள்வி: அக்கா, லண்டன் இல்ஃபோர்டில் முதல்முறையாக வீடு வாங்குகிறோம். லீஸ்ஹோல்டு ஃபிளாட் (நிலம் வேறொருவருடையது, நீண்ட காலக் குத்தகையில் வாங்குவது), விலை 3,40,000 பவுண்ட். எங்கள் ஆஃபரை ஒத்துக்கொண்டு நான்கு மாதம் ஆகிறது. ஆகஸ்ட்டில் முடிந்துவிடும் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, ஆவணியில் பால் காய்ச்ச நாள் பார்த்து, மதுரையிலிருந்து அப்பா அம்மாவுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டோம். இப்போது எங்கள் சொலிசிட்டரை (பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) கேட்டால், விற்பவர் தரப்பிடம் அனுப்பிய கேள்விகளைச் சொல்லி ‘என்கொயரிக்குப் பதில் வரவில்லை’ என்று ஒரே வரி. அப்பா கொடுத்த பணத்துக்கு அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட் வேறு கேட்கிறார்கள், அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வாடகை வீட்டைக் காலி செய்வதாக ஓனரிடம் சொல்லிவிடலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். சொல்லாதீர்கள். எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒப்பந்தம் கைமாறுவது, முடியும்வரை ஓனரிடம் மூச்சு விடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஃபரை ஒத்துக்கொள்வது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, விற்பவரும் விலகலாம், நீங்களும் விலகலாம். நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டால் ஒரு பிடி கிடைக்கும் இல்லையா, இங்கே அந்தப் பிடி எக்ஸ்சேஞ்சில்தான் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் கைமாறி, வழக்கமாக 10 சதவீத டெபாசிட்டும் போன பிறகுதான் கம்ப்ளீஷன் தேதி (மீதிப் பணம் கட்டி சாவி வாங்கும் நாள்) என்று ஒன்று உறுதியாகும். அதுவரை ஏஜென்ட் சொல்கிற மாதமெல்லாம் அவருடைய எதிர்பார்ப்பு, அவ்வளவுதான்.

நான் பதினோரு வருடம் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் இந்த ஃபைல்களோடுதான் இருந்தேன். லீஸ்ஹோல்டு ஃபைல் மாதக்கணக்கில் நகராமல் கிடந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது மேனேஜ்மென்ட் பேக் வந்துவிட்டதா என்றுதான். சர்வீஸ் சார்ஜ் கணக்கு, கிரவுண்ட் ரெண்ட் (நிலத்துக்கான வாடகை), கட்டட இன்சூரன்ஸ், வரப்போகிற பெரிய ரிப்பேர் வேலைகள் எல்லாம் அதில் இருக்கும். கட்டடத்தைப் பராமரிக்கும் நிறுவனம் அதைத் தர வேண்டும், விற்பவர் அதற்குக் காசு கட்ட வேண்டும், சிலர் கடைசிவரை கட்டாமல் இழுப்பார்கள். ஒரு முறை எங்களிடம் வந்த பேக்கின் கடைசித் தாளில் கூரையை மாற்றப்போவதாக ஒரு நோட்டீஸ், ஃபிளாட்டுக்கு 9,000 பவுண்ட். வாங்க வந்த பெண்ணும் உங்களைப்போலத்தான், நல்ல நாள் போய்விடும், சீக்கிரம் எக்ஸ்சேஞ்ச் செய்யுங்கள் என்று தினமும் போன் செய்துகொண்டிருந்தார். அந்தத் தாள் வருவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தச் செலவு அவர் தலையில்தான் விழுந்திருக்கும். அதனால் தயவுசெய்து நாளுக்காக சொலிசிட்டரை அவசரப்படுத்தி எக்ஸ்சேஞ்ச் செய்ய வைக்காதீர்கள்.

அதற்காகச் சும்மா இருக்கவும் சொல்லவில்லை. ‘எப்போது முடியும்’ என்று கேட்டால் அந்த ஒரு வரிதான் திரும்ப வரும். எந்தெந்தக் கேள்விக்குப் பதில் பாக்கி, அது யாரிடம் நிற்கிறது, கடைசியாக என்றைக்கு நினைவூட்டினீர்கள், லோக்கல் சர்ச் (வீட்டைப் பற்றி கவுன்சிலில் விசாரிப்பது) முடிவு வந்துவிட்டதா என்று வாரம் ஒரு மெயில் போடுங்கள். வரும் பதிலை எடுத்துக்கொண்டு ஏஜென்ட்டிடம் போங்கள். விற்பனை முடிந்தால்தானே அவருக்குக் கமிஷன், விற்பவரை அவர் நெருக்குவார். அதற்கும் பதில் இல்லையென்றால் சொலிசிட்டர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், எட்டு வாரத்தில் தீராவிட்டால் வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அப்புறம், மோர்ட்கேஜ் ஆஃபர் (வீட்டுக் கடன் தருவதாக பேங்க் கொடுத்த கடிதம்) காலாவதியாகும் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆறு மாதம்தான் கொடுப்பார்கள், நெருங்கிவிட்டால் இப்போதே நீட்டிக்கக் கேளுங்கள்.

அப்பாவிடம் பக்குவமாகப் பேசுங்கள். அவரைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டியது இங்கே சொலிசிட்டரின் சட்டக் கடமை. சீட்டு எடுத்த பணமோ நகை விற்ற பணமோ, ரசீதோடு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பிவிடுங்கள். இது அன்பளிப்பு, வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று அவர் ஒரு கடிதமும் தர வேண்டியிருக்கும்.

ஊரில் உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ வீடோ, பூர்வீக வீட்டில் பங்கோ இருக்கிறதா? இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் வீட்டுக்கான ஸ்டாம்ப் டியூட்டி சலுகை, உலகத்தில் எங்குமே வீடு வைத்திராதவர்களுக்குத்தான். 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி சலுகை இருந்தால் உங்களுக்கு 2,000 பவுண்ட், இல்லையென்றால் குறைந்தது 7,000.

பணம் அனுப்பும் சமயத்தில் ‘எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது’ என்று சொலிசிட்டர் பெயரில் மெயில் வந்தால் நம்பவே நம்பாதீர்கள். அவர்களுடைய முதல் கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அப்பா அம்மா வரட்டும். கம்ப்ளீஷன் பேங்க் வேலை நாளில்தான் நடக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை சாவி வாங்கி ஞாயிறு பால் காய்ச்சலாம். ஆவணி தவறினால் புரட்டாசி கழிந்து ஐப்பசி இருக்கிறது. டிக்கெட்டில் தேதி மாற்ற எவ்வளவு ஆகும் என்று மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள்.