ஆட்காட்டி விரலுக்கு 63 ரூபாய்

கேள்வி: சிறு பட்டறை வைத்திருக்கிறேன். தகட்டை அடித்து வெட்டி வளைக்கும் பவர் பிரஸ் ஐந்து ஓடுகின்றன. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டுகிறேன். போன மாதம் ஒரு பையனுக்கு ஆட்காட்டி விரல் போய்விட்டது. அவனுடைய கவனக்குறைவுதான். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை எல்லா மெஷினுக்கும் போடச் சொல்கிறார்கள். இந்தச் செலவு தேவையா?

பதில்: சென்சார் வேண்டாம். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல.

உங்களுடையது பழைய கீ கிளட்ச் பிரஸ் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதில் பெடலை மிதித்ததும் கீ என்ற சிறு இரும்புத் துண்டு, சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தோடு மாட்டிக்கொள்ளும். மாட்டிவிட்டால், மேலிருந்து இறங்கி அடிக்கும் ரேமை நடுவழியில் நிறுத்த முடியாது. ஒரு முழுச் சுற்று வந்துதான் நிற்கும். சென்சார் கையைப் பார்த்து என்ன பயன்? அது, நடுவழியிலும் நிறுத்தக்கூடிய ஏர் கிளட்ச் பிரஸ்ஸுக்கு உரியது. அங்கும் தூரக் கணக்கு உண்டு. கை நொடிக்கு 1.6 மீட்டர் போகும். ரேம் நிற்கக் கால் நொடி ஆகுமென்றால், தகடு அடிபடும் அச்சான டையிலிருந்து சென்சார் 40 செ.மீ.யாவது தள்ளி இருக்க வேண்டும்.

கீ கிளட்ச்சில் பெரிய ஆபத்து டபுள் அடி. அடித்த பீஸை எடுக்கக் கை உள்ளே போகும்போது, யாரும் மிதிக்காமலே ரேம் மறுபடி இறங்கும். கீ முனை தேய்ந்திருக்கும், அல்லது கீயைத் திருப்பும் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது பிரேக் லைனிங் தளர்ந்து ரேம் மேலே நிற்காமல் வழுக்கும். “பெடலைத் தொடவே இல்லை சார்” என்று அந்தப் பையன் சொன்னானா? சொல்லியிருந்தால் நம்புங்கள். இழுவை ஸ்பிரிங் உடைந்தால் கீ திரும்பாது. குழிக்குள் அமுங்கி வேலை செய்யும் ஸ்பிரிங் போட்டால், உடைந்தாலும் ஓரளவு தள்ளிக்கொண்டிருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

பணத்தை டையைச் சுற்றிக் கூண்டு அடிப்பதில் போடுங்கள். தகடு நுழைய மட்டும் வழி. இடைவெளி 6 மி.மீ.க்குள் இருந்தால் விரல் போகாது. பீஸை ஏர் அடித்து வெளியே தள்ளலாம். கையால்தான் வைத்து எடுக்க வேண்டிய ஜாப் என்றால் அலுமினிய இடுக்கியோ காந்தமோ கொடுங்கள். இரும்பு இடுக்கி மாட்டினால் டை போய்விடும் என்பதால்தான் அலுமினியம். பெடலுக்கு மேல்மூடி வேண்டும், ஏதாவது விழுந்து அமுக்காமலிருக்க. டை மாற்றும்போது மோட்டாரை அணைத்தால் போதாது, ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அது நின்ற பிறகு ரேமுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்துவிட்டுக் கை வைக்கச் சொல்லுங்கள்.

கவனக்குறைவு என்கிறீர்கள். ஒரு ஷிஃப்டில் 6,000 பீஸ் என்றால் 6,000 தடவை கை டைக்குள் போய் வருகிறது. அதில் ஒரு தடவை கண் அசந்தால் விரல் போகும் என்று மெஷினை வைத்திருப்பது நீங்கள். அடிக்கிற பீஸுக்கு இவ்வளவு கூலி என்று பீஸ் ரேட் வைத்து அவசரப்படுத்துவதும் நீங்கள்தான்.

இ.எஸ்.ஐ.க்கு வருவோம். ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. கட்டை விரலுக்கு 30. தினக்கூலி 500 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம், அதற்கு 14 சதவீதம்: நாளுக்கு 63 ரூபாய் கிடைக்கும். விரல் போன அந்தப் பையனை இனி எந்த பிரஸ் பட்டறைக்காரர் வேலைக்கு எடுப்பார்? நீங்கள் எடுப்பீர்களா?

அந்த மெஷினில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருப்பார். கீயைக் கழற்றிப் பார்க்கும்வரை அவரை எழுப்பிவிடுங்கள்.